வெண்டோ 44: புதுப் பெயிண்ட் அடிப்பதா, அப்படியே விடுவதா?

நித்யா (மிசௌரி):
பூட்டிக் கிடந்த ஒரு கார் பட்டறையின் சாமான்களை விற்றபோது காசு போட்டால் கோக் பாட்டில் தரும் பழைய மெஷின் ஒன்று வாங்கினேன். வெண்டோ 44. அகலம் 16 அங்குலம்தான், உயரம் என் தோள் அளவு. சிவப்பு வெளுத்துவிட்டது. புடைத்து நிற்கும் எழுத்துகளில் வெள்ளை பாதி உதிர்ந்துவிட்டது. அடியில் துரு. ஒருவர் முழுதும் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர் தொட்டாலே மதிப்பு போய்விடும் என்கிறார். வெண்டோ கம்பெனி 1937-ல் எங்கள் மாநிலத்துக் கான்சாஸ் சிட்டியில் தொடங்கியது, அதனால் எனக்கு இதன்மேல் தனிப் பாசம். இப்போதைக்கு விற்க மாட்டேன். ஆனாலும் மதிப்பு கெடக் கூடாது. என்ன செய்யலாம்?

இளங்கோ:
தயங்காமல் அடியுங்கள். இருபது வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். இது தகரம். துரு ஒரு பக்கம் தொடங்கினால் உட்புறமாகவே தின்றுகொண்டு போகும். எழுத்துகள் ஸ்டிக்கர் இல்லை, தகட்டிலேயே அழுத்தி எழுப்பியவை. அதனால் அதே வடிவம் அப்படியே திரும்பக் கிடைக்கும். இதை வாங்குபவர்கள் வீட்டு ஹாலிலோ உணவகத்திலோ வைக்கத்தான் வாங்குகிறார்கள். நல்ல டிங்கரிங் செய்து, குரோம் போட்டு, குளிர வைத்துக் கொடுத்த 44 பல ஆயிரம் டாலருக்குப் போகும். துருப்பிடித்தது அதில் ஒரு பங்குக்குத்தான்.

சண்முகம்:
இளங்கோ, அந்தப் பல ஆயிரத்திலிருந்து சுரண்டிய கூலி, பட்டி, பெயிண்ட், குரோம், ரப்பர், கம்ப்ரசர் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது கொஞ்சம்தான். பல நேரம் கைக்காசே போகும். நீங்கள் சொல்வது வேலையின் விலை. மெஷினின் விலை வேறு.

நித்யா, புதுப் பெயிண்டை எந்த வருடம் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் அவசரம் வேண்டாம்.

முதலில் காசு போடும் பாகத்தைப் பாருங்கள். 1886-லிருந்து 1950-களின் கடைசி வரை ஒரு சின்ன பாட்டில் கோக் ஐந்து சென்ட்தான். விலை ஏறாததற்கு இந்த மெஷின்களும் ஒரு காரணம். பெரும்பாலானவை ஒரே ஒரு ஐந்து சென்ட் நாணயத்தைத்தான் வாங்கும். அடுத்த நாணயம் பத்து சென்ட். ஒரேயடியாக இருமடங்கு ஏற்ற முடியுமா? 1953-ல் கோக்கை நடத்திவந்த ராபர்ட் உட்ரஃப் தன் நண்பரான அதிபர் ஐசன்ஹோவருக்கே எழுதி, ஏழரை சென்ட் நாணயம் வெளியிடக் கேட்டார். அது நடக்கவில்லை. ஐந்து சென்ட் மட்டும் வாங்கும் நாணயப் பாகம் உங்கள் மெஷினில் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். எனக்கு வெளிச் சிவப்பைவிட அதுதான் பெரிது.

இளங்கோ:
நாணயப் பாகத்தை எறியச் சொல்லி நான் எங்கே சொன்னேன்? அதைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டத்தான் போகிறோம்.

நீங்கள் இதை அருங்காட்சியகப் பொருள்போலப் பார்க்கிறீர்கள், அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. அரிதாக இருப்பதும் விலை போவதும் ஒன்றல்ல. 44-க்கு இத்தனை கிராக்கி ஏன்? 16 அங்குலம் என்பதால் சமையலறை மூலையில்கூட நிற்கும். அதே கம்பெனியின் இன்னொரு மாடலான வெண்டோ 81-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். குறுகலான கதவைத் திறந்தால் மூடிகள் வரிசையாகத் தெரியும், வேண்டியதைக் கழுத்தைப் பிடித்து இழுக்கலாம். அந்த இழுக்கிற சுகத்துக்காகவே ஆட்கள் தேடுகிறார்கள். 60-களில் வந்த பெரிய சதுரப் பெட்டிகளில் எத்தனையோ நல்ல மெஷின்கள் உண்டு. கனம் அதிகம், வளைவு கிடையாது, அதனால் விலை படுத்துக்கிடக்கிறது. ஆசைதான் விலையை வைக்கிறது. அந்த ஆசை பளபளப்பைத்தான் கேட்கிறது.

முரளி (சென்னை):
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 1977-ல் கோக் இந்தியாவை விட்டுப் போனதற்கு முன் இங்கே நாங்கள் கண்டதெல்லாம் கடைக்காரரின் ஐஸ் பெட்டிதான். ஒரு சந்தேகம்: இந்த மெஷின்களில் இன்று கடையில் கிடைக்கும் பாட்டிலை வைத்துக் குடிக்க முடியுமா?

சண்முகம்:
பார்த்துத்தான் வாங்க வேண்டும் முரளி. இவை ஆறரை அவுன்ஸ் பாட்டிலுக்காகச் செய்தவை. 1955-ல்தான் கோக் பெரிய பாட்டில்களைக் கொண்டுவந்தது. மெக்சிகோவிலிருந்து வரும் 355 மில்லி பாட்டில் பருமனானது, சின்ன பாட்டிலுக்கான வழியில் சிக்கிக்கொள்ளும்.

ஜெயந்தி:
குளிர்சாதன மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். இருவரும் வெளித்தகட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை உள்ளே.

நித்யா, தயவுசெய்து பிளக்கைச் செருகிப் பார்க்காதீர்கள். அறுபது எழுபது வருட ஒயர். மேலுறை காய்ந்து கையோடு உதிரும். எர்த் இருக்காது. இரும்புப் பெட்டி முழுக்கக் கரண்ட் பாயலாம். ஒயரிங்கைப் புதிதாகப் போடுவதில் அசல், நகல் என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்து கேஸ். அந்தக் காலத்து மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு இருக்கும். அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 கடைசியோடு நின்றது. குழாயை வெட்டிக் காற்றில் விடுவது சட்டப்படி குற்றம், சான்றிதழ் உள்ளவர்தான் எடுக்க வேண்டும். கம்ப்ரசரை மாற்ற நேர்ந்தால் பழையதைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் விற்கும்போது கூடவே கொடுக்கலாம்.

கடைசியாக, அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் குழந்தை இருந்தால் உப்புத்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள்.

சண்முகம்:
ஜெயந்தி சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம்.

இளங்கோ:
எனக்கும். ஆனால் சண்முகம் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். அசல் பெயிண்ட் என்கிறீர்களே, எது அசல்? பாட்டிலிங் கம்பெனிகள் இந்த மெஷின்களைக் கடையிலிருந்து எடுத்துவந்து தாங்களே பெயிண்ட் அடித்துத் திரும்ப வைத்தார்கள். நித்யா பார்ப்பது மூன்றாவது பூச்சாகக்கூட இருக்கலாம். யாரோ ஒரு தொழிலாளி அவசரமாக அடித்ததைக் காப்பாற்றத்தான் இத்தனை சண்டையா?

சண்முகம்:
நியாயமான கேள்வி தம்பி. அந்தத் தொழிலாளி அடித்ததும் அந்த மெஷின் உழைத்த காலத்தில் அடித்ததுதான், எனக்கு அதுவும் வேண்டும். ஆனால் விலைக்கு அது உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நித்யா, கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கதவைத் திறந்து ரப்பரின் ஓரத்தைப் பாருங்கள். திருகாணித் தலைகளைப் பாருங்கள். அங்கே சிவப்புத் தெறித்திருந்தால் பின்னால் அடித்தது. நாணயப் பாகத்தின் மூடித் தகட்டைக் கழற்றினால் அடியில் வெயில் படாத நிறம் இருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

நித்யா (மிசௌரி):
நேற்று இரவு கழற்றிப் பார்த்தேன். தகட்டுக்கு அடியில் இன்னும் ஆழ்ந்த சிவப்பு. இரண்டு பக்கத் தகடுகளிலும் பிரஷ் ஓட்டிய கோடு தெரிகிறது, திருகாணித் தலைகளிலும் சிவப்பு. ஆனால் முன்கதவில் அப்படி எதுவும் இல்லை. ரப்பரும் சுத்தமாக இருக்கிறது. நாணயப் பாகம் ஐந்து சென்ட்டுக்கானதேதான். ஒரு நாணயம் உள்ளே சிக்கியிருந்தது, 1954.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முன்கதவைத் தொடப் போவதில்லை. துடைத்து வாக்ஸ் மட்டும் போடுகிறேன். ஒயரிங் புதிதாக. பக்கத் தகடுகளைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.

இளங்கோ:
கதவு அப்படி இருந்தால் நானும் தொட மாட்டேன். ஆனால் அடித்தட்டுத் துருவை விட்டுவைத்தால் இரண்டு மழைக்காலத்தில் கதவின் கீழ் ஓரத்துக்கு ஏறிவிடும். மெஷினை மல்லாக்கச் சாய்க்காதீர்கள், கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். கீழே ஒரு கண்ணாடியை நுழைத்து, டார்ச் அடித்துப் படம் எடுத்துப் போடுங்கள். ஓட்டை விழுந்திருக்கிறதா, மேலோடு மட்டும்தானா என்று பார்த்துச் சொல்கிறேன்.