பக்கவாத நோயாளி வீட்டுக்குப் போவாரா? அட்மிஷன் ஸ்கோரை நம்பலாமா?

கேள்வி (பிசியோ_குமார்):
68 வயது, இடது பக்கம் செயலிழப்பு. மறுவாழ்வு வார்டில் சேர்ந்தபோது எஃப்.ஐ.எம். (அன்றாட வேலைகளைத் தானே செய்யும் திறனுக்கான மதிப்பெண்) மொத்தம் 62. வீட்டில் 64 வயது மனைவி மட்டும். 80-க்கு மேல் வீடு, 40-க்குக் கீழ் பராமரிப்பு இல்லம் என்று கட்டுரைகளில் ஒரு கணக்கு வரும். நடுவில் இருப்பவருக்கு என்ன சொல்வது? வார்டு ரெக்கார்டை வைத்து நாமே ஒரு கணிப்பு ஷீட் போடலாமா?

செல்வி_ஓ.டி.:
மொத்தத்தைப் பிரிங்க சார். 18 அம்சம், 13 உடல், 5 அறிவு, ஒவ்வொன்றும் 1 முதல் 7. அதனால் 62 என்பது உடல் 35, அறிவு 27 ஆகவும் இருக்கலாம். உடல் 50, அறிவு 12 ஆகவும் இருக்கலாம். முன்னவரைத் தூக்கிவிட ஆள் வேண்டும், ஆனால் சொன்னால் கேட்பார். பின்னவர் ஓரளவு நடப்பார். தனியே விட்டால் ஆபத்து.

அடுத்து டாய்லெட் மாறுதல் (நாற்காலியிலிருந்து டாய்லெட்டுக்கு மாறி உட்காருவது), சிறுநீர், மலம் அடக்குவது. மாறுதலில் 4 என்றால் முக்கால் பங்கு வேலையை அவரே செய்கிறார். 3 என்றால் பாதிதான். அந்த அம்மாவின் இடுப்புக்கு இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இடது பக்கம் என்பதால் புறக்கணிப்பு (இடப்பக்கம் இருப்பதை மூளை கவனிக்காமல் விடுவது) இருக்கிறதா என்று, தாளில் உள்ள நட்சத்திரங்களை அடிக்கச் சொல்லும் சோதனையில் பாருங்க. தட்டின் இடப்பாதிச் சோறு அப்படியே இருந்தாலும் சந்தேகப்படணும்.

ரவி_மறுவாழ்வு:
அந்த 80/40 கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அமெரிக்காவில் வீட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு நர்சிங் வசதி என்று ஒரு இடம் இருக்கிறது, யார் எங்கே போவது என்பதில் இன்சூரன்சும் பேசும். அங்குள்ள அரசு முதியோர் காப்பீடான மெடிகேர் 2019 அக்டோபரிலேயே எஃப்.ஐ.எம்.-ஐ விட்டு ஜிஜி பிரிவு என்ற வேறு மதிப்பீட்டுக்கு மாறிவிட்டது. நம்மூரில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வீட்டுக்குத்தான் போவார்கள். யார் வீடு, ராத்திரி யார் என்பதுதான் கேள்வி. "மகள் பார்த்துப்பா" என்றால் விடாதீங்க. ராத்திரி 2 மணிக்கு எழுப்பினால் யார் வருவார் என்று கேளுங்க. வருபவரை வார்டிலேயே ஒரு ராத்திரி தங்கவைத்து, மாறுதலை அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்க.

எண்_பித்தன்:
ஷீட் போடுங்க, ஆனால் டிஸ்சார்ஜ் ஸ்கோரை உள்ளே விடாதீங்க. அட்மிஷன் அன்று அது யாருக்கும் தெரியாது. 100-ல் 80 பேர் வீட்டுக்குப் போகும் வார்டில், எல்லாருக்கும் "வீடு" என்று சொன்னாலே 80% சரி வந்துவிடும்! போகாத 20 பேரில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்று பாருங்க. ஐ.சி.யு.-வுக்குத் திரும்பியவர்கள், இறந்தவர்களைத் தனியே குறியுங்க.

பிசியோ_குமார்:
உடல் 38, அறிவு 24. பாத்ரூம் கதவு 24 அங்குலமாம்.

செல்வி_ஓ.டி.:
அறிவு பரவாயில்லை. கதவை மட்டும் நிலைக்குள் நிலை மறுபடி அளக்கச் சொல்லுங்க, கதவுப் பலகையை அல்ல. சக்கர நாற்காலியை வெளிச் சக்கரத்துக்கு வெளிச் சக்கரம் அளக்கணும். நுழையாவிட்டால் கட்டில் பக்கம் கமோடு நாற்காலி. வாசல்படி மேட்டையும் கேட்டுக்கோங்க.