மூடிக் கிடக்கும் மூன்று ஸ்கிரீன் தியேட்டர்: மண்டபமா, குடோனா, வேறு வழியா?

தெக்குவாசல்:
வணக்கம். மதுரைக்குத் தெற்கே, ரிங் ரோட்டுக்கு உள்பக்கம், குடும்பச் சொத்தாக ஒரு மூணு ஸ்கிரீன் தியேட்டர் மூடிக் கிடக்கு. கீழே ரெண்டு ஹால், 310 சீட்டும் 190 சீட்டும். லாபிக்கு மேலே மாடியில 140 சீட். ஆர்சிசி ஃபிரேம், 9 அங்குலச் செங்கல் சுவர், இரும்பு டிரஸ் (முக்கோணச் சட்டம்) போட்ட ஷீட் கூரை. சீட் வரிசை ஏறுற ஸ்டெப் கீழ் ஹால்கள்ல சிமெண்ட், மாடியில இரும்பு ஃபிரேம் மேல பிளைவுட்.

மண்டபம் நடத்துறவர் ஒருத்தர் பெரிய ஹாலைக் கேட்கிறார். கீழமாசி வீதிப் பருப்பு வியாபாரி ஒருத்தர் மூணையும் குடோனுக்குக் கேட்கிறார். ஒரு ஸ்கிரீனையாவது மறுபடி ஓட்டலாம்னு வீட்டுப் பெரியவங்களுக்கு ஆசை.

ஸ்டெப்பை மண் போட்டு நிரவினால் போதுமா? மாடியில மூட்டை அடுக்கலாமா? புரொஜக்டர் ரெண்டை டிஜிட்டல் கம்பெனி எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஒண்ணு சொந்தம், அதுக்கு விலை இருக்கா? எச்டி கனெக்‌ஷன் 200 கேவிஏ (உயர் அழுத்த மின் இணைப்பு), ஒரு பல்பு எரியலைன்னாலும் பில் வருது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கட்டட வேலை:
மாடியில் மூட்டை வேண்டவே வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சீட் பதித்த ஹாலுக்கு ஐஎஸ் 875 (கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தரக் கோட்) இரண்டாம் பாகம் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன், அதாவது சுமார் 400 கிலோ. உங்கள் ஸ்லாப் அதற்குத்தான் கணக்குப் போட்டிருக்கும். 50 கிலோ பருப்பு மூட்டை ஒன்று படுத்தால் ஏறத்தாழ அரை சதுர மீட்டர். எட்டு வரிசை உயரம் அடுக்கினால் சதுர மீட்டருக்கு 800 கிலோ வந்துவிடும். சரியாக இரண்டு மடங்கு. குடோனுக்கு அதே கோட் கேட்பது குறைந்தபட்சம் 7.5 கிலோநியூட்டன். ஸ்லாப் உடனே விழாது, அதுதான் ஆபத்து. முதலில் தொங்கும், பீம் நடுவில் அடிப்பக்கம் விரிசல் விடும், லாபி ஃபால்ஸ் சீலிங் அதை மறைத்துவிடும்.

அடுத்தது மண். 310 சீட் ஹாலில் ஸ்டெப் ஒன்று 30 செ.மீ., பத்துப் பன்னிரண்டு வரிசை என்றால் கடைசி வரிசை தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேல் நிற்கும். முன்பக்கத்தை நிரப்பி அந்த மட்டத்துக்குக் கொண்டுவர நினைத்தால் ஸ்கிரீன் சுவரும் பக்கச் சுவர்களும் மண்ணைத் தாங்கும் சுவராக மாறும். 9 அங்குலச் செங்கல் சுவர் அதற்குக் கட்டியதில்லை. ஒரே ஐப்பசி மழையில் மண் ஈரம் குடித்து சுவர் வெளிப்பக்கம் உப்பும். எனவே ஏற்றக்கூடாது, இறக்கத்தான் வேண்டும்.

இறக்குவதற்கு முன் நாலைந்து இடத்தில் 25 மி.மீ. துளை போட்டுப் பாருங்கள். ஸ்டெப்புக்கு உள்ளே மண் நிரப்பியிருக்கலாம், அல்லது சின்னச் சுவர்கள் மேல் ஸ்லாப் போட்டு அடியில் வெற்றிடமாக விட்டிருக்கலாம். வேலையும் செலவும் அதைப் பொறுத்து முழுதாக மாறும். மண்ணாக இருந்தால், ஹால் 18 மீட்டர் அகலம், ஸ்டெப் பகுதி 18 மீட்டர் நீளம், சராசரி உயரம் ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் 486 கன மீட்டர். தோண்டினால் கால் பங்கு உப்பும், 600 ஆகும். மூணு யூனிட் டிப்பரில் 8.5 கன மீட்டர் ஏறும். 70 லோடு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு காண்டிராக்டரிடம் பேசுங்கள், 'மொத்தமாக ஒரு தொகை' என்று ஆரம்பிக்க விடாதீர்கள்.

படியை அப்படியே வைத்து மண்டபம் நடத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 3 மீட்டர் உயரத்துக்கு 1க்கு 12 சரிவில் சாய்தளம் போட 36 மீட்டர் வேண்டும். வயதானவர்களும் பந்திப் பாத்திரமும் அந்தப் படியில் ஏறி இறங்க முடியாது.

மாடி 140 சீட் ஹாலை மட்டும் தொடாதீர்கள். அது எதற்குக் கட்டினதோ அதே மாதிரி வேலைக்கு விடுங்கள்: போட்டித் தேர்வு வகுப்பு, அரங்கேற்றம், பள்ளி நிகழ்ச்சி. சீட் அப்படியே, பாரம் அப்படியே. பிளைவுட்டை மட்டும் கரையானுக்குத் தட்டிப் பாருங்கள், ஃபிரேம் கால்களில் துரு பாருங்கள்.

ஆபரேட்டர் ரூம்:
புரொஜக்டர் பற்றி. அண்ணே, விலை பேசுறதுக்கு முன்னாடி அதுக்குக் கரண்ட் கொடுத்துப் பாருங்க. டிஜிட்டல் சினிமா புரொஜக்டர்லயும் மீடியா பிளாக்லயும் (படத்தோட பூட்டைத் திறந்து புரொஜக்டருக்கு அனுப்புற போர்டு) பாதுகாப்புச் சான்றிதழைக் காப்பாத்துற பேட்டரி ஒண்ணு உள்ளே இருக்கும். மாசக்கணக்கா, வருசக்கணக்கா மெயின் ஆஃப்ல கிடந்தா அது தீர்ந்து சான்றிதழ் அழிஞ்சிடும். அப்புறம் லைட் எரியும், டெஸ்ட் பேட்டர்ன் கூட வரும், ஆனா பூட்டுப் போட்ட படம் எதுவும் ஓடாது. போர்டைக் கம்பெனிக்கு அனுப்பணும், இல்ல வேற போர்டு வாங்கணும். உள் கடிகாரமும் தள்ளிப்போயிருக்கும். அதை வருசத்துக்கு 6 நிமிசத்துக்கு மேல நாமளா திருத்த முடியாது. கடிகாரம் தப்பா இருந்தா படத்தோட சாவி (குறிச்ச நாள், நேரத்துக்கு மட்டும் படத்தைத் திறக்குற டிஜிட்டல் சாவி) செல்லாது. ஆன் பண்ணி எரர் லாக்ல சான்றிதழ், பேட்டரி சம்பந்தமா சிவப்பு எதுவும் இல்லைன்னு போட்டோ எடுத்து வைங்க. வாங்குறவன் முதல்ல கேட்குறது அதுதான்.

கழட்டும்போது செனான் லேம்ப்பை உள்ளே வச்சபடி தூக்கவே கூடாது. ஆறின நிலைமையிலேயே உள்ளே அழுத்தம் அதிகம், ஒரு தட்டுல வெடிக்கும். முகக் கவசம், தடிச்ச கையுறை, அதோட சொந்த பிளாஸ்டிக் உறை. லென்ஸைத் தனியா எடுத்து மூடி போடுங்க. ஸ்கிரீனை மடிக்காம குழாய்ல சுத்துங்க, மடிச்ச கோடு போகவே போகாது.

சீட்டுக்குக் கிராக்கி இருக்கு, ஆனா வரிசையாக் கழட்டுங்க. பத்து சேர் வரிசைக்குக் கால் பதினொண்ணு, நடுக்கால் ரெண்டு சேருக்கும் பொது. உதிரியாப் பிரிச்சா கடைசியில கால் குறையும், யாருக்கும் பூட்ட முடியாது. வரிசை நம்பரைத் துண்டுக் காகிதத்துல எழுதி ஒட்டுங்க. எலி புகுந்த ஃபோமைத் தனியா ஒதுக்குங்க.

ஒரு ஸ்கிரீனை ஓட்டுற ஆசை எனக்கும் புரியுது. ஆனா முதல் வாரம் பெரிய பங்கு விநியோகஸ்தருக்குப் போகும், பின் வாரங்கள்லதான் தியேட்டர் பங்கு ஏறும். படம் நாலு வாரத்துல ஓடிடியில வந்துட்டா அந்தப் பின் வாரமே இல்லை. மூணு ஸ்கிரீனுக்கும் ஒரு ஆபரேட்டர், ஒரு கேண்டீன், ஒரு ஜெனரேட்டர்னு செலவைப் பிரிச்சதாலதான் சின்ன மல்டிபிளெக்ஸ் நின்னுச்சு. 140 சீட் தனியா அந்தச் செலவைத் தூக்காது.

ஊர்ப் பெருமை தெரிஞ்சவங்களுக்குச் சொல்றேன். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி தங்கம் தியேட்டர் 1952ல திறந்தது, 2,563 சீட். அதையே இடிச்சுட்டு இன்னைக்கு அங்கே ஜவுளிக்கடை நிக்குது. உங்க கட்டடம் முழுசா நிக்குதே, அதுவே பெரிய விசயம்.

மின்கம்பி:
பில் ஏன் வருது என்றால், எச்டியில் பதிவான டிமாண்ட் (அந்த மாதம் அதிகபட்சமாக இழுத்த மின்பளு) அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், எது அதிகமோ அதற்குக் கட்டணம். 200 கேவிஏவுக்கு ஒன்றுமே ஓடாவிட்டாலும் 180க்குக் கட்டுகிறீர்கள். டிமாண்டைக் குறைக்க இன்றைக்கே மனு கொடுங்கள்.

எல்டி (தாழ்வழுத்த இணைப்பு) வரம்பு 112 கிலோவாட் என்று இருந்தது, இப்போது எவ்வளவு என்று மின்வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 640 சீட்டுக்கும் ஏசி சுமார் 40 டன், டன்னுக்கு 1.3 கிலோவாட் வைத்தாலும் 52. புரொஜக்டர் இனி ஓடப்போவதில்லை. மண்டப லைட், மோட்டார், லிஃப்ட் எல்லாம் சேர்த்தும் 112க்குள் அடங்கும். எல்டிக்கு மாறினால் டிரான்ஸ்ஃபார்மரை விற்கலாம், விற்குமுன் எண்ணெய் பிடிவி டெஸ்ட் (எண்ணெய் எவ்வளவு வோல்டேஜ் தாங்கும் என்ற சோதனை) எடுங்கள், 30 கிலோவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் விலை பேசும்போது அடிபடும். ஆனால் எந்த ஹால் எதற்கு என்று முடிவு செய்த பிறகே மாறுங்கள். விட்ட டிமாண்டைத் திரும்பக் கேட்டால் மறுபடி பணம் கட்ட வேண்டும்.

சமையக்கட்டு:
மண்டபத்துக்கு ஹாலை விட முக்கியம் தண்ணீரும் சமையலும். சினிமாவுக்கு ஐஎஸ் 1172 கணக்குப்படி சீட்டுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், உங்கள் 640 சீட்டுக்கு 9,600. பந்தியை ஓட்டல் கணக்கில் எடுத்தால் சீட்டுக்கு 70. ஒரே நேரத்தில் 300 இலை என்றால் 21,000 லிட்டர். இருக்கும் தொட்டியும் செப்டிக் டேங்கும் பாதி நாளிலேயே நிரம்பி வழியும். சாம்பார், எண்ணெய்க் கழிவுக்கு கிரீஸ் டிராப் (எண்ணெயைப் பிரித்துத் தேக்கும் தொட்டி) தனியாக வைக்காவிட்டால் முதல் வைகாசியிலேயே குழாய் அடைக்கும்.

சமையலை 190 சீட் ஹாலுக்குள் வைக்காதீர்கள், ஜன்னல் இல்லாத அறையில் கேஸ் கசிந்தால் போக வழி கிடையாது. பார்க்கிங் ஓரமாக மூன்று பக்கம் திறந்த ஷெட், சிலிண்டர் வெளியே. 190 ஹால் பந்திக்கு.

சுவரில் துணிக்கு அடியில் இருக்கும் கிளாஸ் வுல்லை (கண்ணாடிப் பஞ்சை) துணியோடு பெரிய ஹாலில் எடுத்துவிடுங்கள். ஹோம குண்டமும் சீரியல் லைட்டும் பழைய துணிச் சுவரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. எடுக்கும்போது தண்ணீர் தெளித்து, என்95 மாஸ்க், முழுக்கைச் சட்டை, உடனே மூட்டை கட்டுங்கள். மணமேடைக்கு நேர் மேலே புகை உறிஞ்சும் ஃபேன் வேண்டும், இல்லையென்றால் தாலி கட்டும் நேரத்தில் ஸ்மோக் டிடெக்டர் அலறும்.

மாடி ஹாலில் வகுப்பு என்றால் வெளிக்காற்றுப் பாதையைத் திறந்து பாருங்கள். கரண்ட் மிச்சம் என்று பல தியேட்டரில் அந்த டேம்பரை (காற்றுப் பாதையின் மூடியை) அடைத்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு விநாடிக்கு 5 லிட்டர் என்றால் 140 பேருக்கு சுமார் 1,500 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). மூன்று மணி நேர வகுப்பில் பிள்ளைகள் தூங்குவது பாடத்தால் அல்ல, காற்றால். பேச்சுக்கு அந்த ஹால் அருமை, எதிரொலியே இருக்காது. மைக் இல்லாத கச்சேரிக்கு அதே காரணத்தால் சரிப்படாது.

பயன்பாட்டு மாற்றத்துக்கு 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று இரண்டும் வாங்காமல் முன்பணம் வாங்காதீர்கள். தியேட்டருக்கு இருந்த சி படிவ லைசென்ஸ் மண்டபத்துக்குச் செல்லாது.

தெக்குவாசல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. துளை போட்டுப் பார்த்தாச்சு. 310 ஹால்ல மண். 190 ஹால்ல உள்ளே வெற்றிடம், குறுக்குச் சுவர் மேல ஸ்லாப். ஸ்லாப் ஓரம் பக்கச் சுவருக்குள்ள போயிருக்கு. அடுத்த வாரம் உடைக்க ஆள் வர்றாங்க, சரிதானே?

கட்டட வேலை:
நிறுத்துங்கள். பக்கச் சுவருக்குள் ஸ்லாப் போயிருக்கிறது என்றால் அந்தச் சுவரை நடுவில் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த ஸ்டெப்தான். எட்டு மீட்டர் உயரச் செங்கல் சுவர், ஜன்னல் கிடையாது, ஸ்டெப்பை எடுத்தால் தூணுக்குத் தூண் வெறுமனே நிற்கும். முதலில் தூண்களோடு இணைத்து 3 மீட்டர் உயரத்தில் 9 அங்குல அகலம், 6 அங்குல உயரத்தில் ஆர்சிசி பேண்ட் (சுவரைப் பிடித்து நிறுத்தும் கான்கிரீட் பட்டை) போடுங்கள். சுவரில் ஒரு நேரத்தில் ஒன்றரை மீட்டர் நீளம் மட்டும் வெட்டிப் போட வேண்டும். கம்பி அளவை ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர் நேரில் பார்த்துக் கொடுக்கட்டும். கடைசிப் பகுதிக்கு 14 நாள் தண்ணீர் விட்ட பிறகு, மேல் வரிசையிலிருந்து கீழாக உடையுங்கள். ஸ்லாப் ஓரத்தைச் சுவரிலிருந்து கட்டரால் அறுத்துவிட்டுப் பிறகு உடைக்க வேண்டும், பிரேக்கரை நேராக வைத்தால் அதிர்வு சுவருக்குப் போகும். குறுக்குச் சுவரை ஸ்லாப்புக்கு முன்னால் தொடக் கூடாது.

அதற்கும் முன்னால் கூரை. டிரஸ் நடுவில், கூரைச் சரிவுகள் சேரும் பள்ளத்தில் இருக்கும் மழைநீர்க் கால்வாயில் புறாக்கூடும் எச்சமும் அடைத்திருக்கும், அதை அள்ளி, கீழ்க்குழாய் வழியாக ஒரு டேங்கர் தண்ணீர் விட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். ஆட்கள் அடுத்த வாரம் வருவதாக இருந்தால் அந்த வேலையைக் கொடுங்கள்.