இந்த லியூசிப்பஸ் எந்த லியூசிப்பஸ்?

கேள்வி: மியூனிக் ஆல்டே பினாகொதேக் அருங்காட்சியகத்தில் ரூபன்ஸ் ஓவியம் பார்த்தேன். லியூசிப்பஸின் மகள்களை இருவர் தூக்கிச் செல்கிறார்கள். அணுக் கொள்கை சொன்னவரா அந்தத் தகப்பன்?

பதில் 1: இல்லை. இவர் கிரேக்கப் புராணத்து மெசேனிய அரசர். மகள்கள் ஃபீபி, ஹிலைரா. தூக்கியவர்கள் காஸ்டர், பொலக்ஸ் இரட்டையர். லியூசிப்பஸ் என்ற பெயருக்கு 'வெள்ளைக் குதிரை' என்று பொருள்.

பதில் 2: வேடிக்கையைப் பாருங்கள். புராண அரசருக்கு மகள்களின் பெயர்கூடத் தெரிகிறது. அணுக் கொள்கை சொன்ன லியூசிப்பஸுக்கோ (கிரேக்கத் தத்துவ அறிஞர் டெமாக்ரிடஸின் ஆசான்) ஊரே தகராறு: மிலேட்டஸா, எலியாவா, அப்டெராவா? அப்படியொரு தத்துவ அறிஞரே இருந்ததில்லை என்று பிற்காலத் தத்துவ அறிஞர் எபிகியூரஸ் மறுத்ததாகவும் குறிப்பு உண்டு! 'எதுவும் காரணமின்றி நடப்பதில்லை' என்ற ஒரு வாக்கியம்தான் மிஞ்சியிருக்கிறது.

கேட்டவர்: நன்றி. 'அணுவின் தந்தை' என்று மனைவியிடம் அளந்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டுக்குள் திருத்தியாக வேண்டும்.