காலையில் படுத்துக் கிடக்கும் வண்டி: உங்கள் ஏர் சஸ்பென்ஷன் அனுபவம் என்ன?

நொய்யல்கரை (கோவை)

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

2021-இல் பழைய ஜெர்மன் எஸ்யூவி ஒன்று வாங்கினேன். 2012 மாடல், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது, நாலு மூலையிலும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை (பெல்லோஸ்). விற்றவர் அதைப் பெருமையாகச் சொன்னார். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் காலை நேரங்களில் முன்பக்கம் இடது மூலை மட்டும் இரண்டு விரற்கடை இறங்கி நிற்க ஆரம்பித்தது. ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் ‘உர்ர்’ என்று அந்தப் பைகளுக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓடும், ஒரு நிமிஷத்தில் வண்டி எழுந்துவிடும். எழுந்துவிடுகிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் போனது. ஒரு நாள் அவிநாசி ரோட்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி எழவே இல்லை.

பெரிய ஒர்க்ஷாப்புக்குத்தான் கொண்டுபோனேன். ஸ்கேனரைச் செருகினார்கள். ‘குறித்த நேரத்துக்குள் உயரம் வரவில்லை’ என்கிற மாதிரி ஒரு எரர் கோடு வந்தது. கம்ப்ரஸர் போச்சு என்றார்கள். புதுசுக்கு 62,000 ரூபாய் கொடுத்தேன். வண்டி எழுந்து நின்றது. நானும் நிமிர்ந்து நடந்தேன்.

அஞ்சே மாதம். அதே மூலை, அதே விளக்கு. புது கம்ப்ரஸரைத் தொட்டால் கை பொசுங்குகிறது.

இந்தத் தடவை சுந்தராபுரம் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. அந்த அண்ணன் ஸ்கேனரைக் கையில் எடுக்கவில்லை. “வீட்டுல தையல் டேப் இருக்குங்களா?” என்று கேட்டார். இருந்தது, அம்மாவுடையது. ராத்திரி சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதச் சொன்னார். அளந்ததும் சஸ்பென்ஷன் ஃபியூஸை உருவிவிட வேண்டும். அதுதான் முக்கியம் என்றார். பூட்டிவிட்டுப் போன பிறகும் கண்ட்ரோல் யூனிட் அவ்வப்போது விழித்து உயரத்தைப் பார்க்குமாம். சில வண்டிகளில் ஒரு மூலை இறங்கினால், வண்டி கோணலாக நிற்கக்கூடாதென்று மற்ற மூன்றையும் அதுவே இறக்கிச் சமமாக்கிவிடும். காலையில் பார்த்தால் நாலும் படுத்திருக்கும். எது குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபியூஸ் இல்லாமல் ஒரு ராத்திரி விட்டேன். காலையில் மூன்று மூலைகள் 3, 4 மில்லிமீட்டர் இறங்கியிருந்தன. அது காற்று குளிர்ந்து சுருங்குவது, விடுங்கள் என்றார். முன் இடது 65 மில்லிமீட்டர்.

பட்டறையில் சோப்புத் தண்ணீர் அடித்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டே ஃபியூஸைப் போட்டு வண்டியை உச்ச உயரத்துக்கு ஏற்றி மறுபடி அடித்தார். ரப்பர் பெல்லோஸ் மடங்குகிற இடத்தில் வரிசையாகக் குமிழி, மீன் மூச்சு விடுகிற மாதிரி. வண்டி ஏறி இறங்கும்போது ரப்பரின் மடிப்பு இடம் மாறும். வெடிப்பு ஒரு உயரத்தில் மூடிக்கொள்ளும், இன்னொரு உயரத்தில் வாயைத் திறக்கும். மடிப்புக்குள் மண்ணும் பொடிக்கல்லும் உட்கார்ந்து அறுத்திருந்தது.

அந்தக் கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடி ஓய்வெடுக்கத்தான் செய்யப்பட்டது. ஓட்டைப் பானைக்குத் தண்ணீர் இறைக்க வைத்தால் அது என்ன செய்யும்? என் முதல் கம்ப்ரஸரைக் கொன்றது இடது பெல்லோஸ். இரண்டாவதைப் பாதி கொன்றதும் அதுவே. கம்ப்ரஸருக்குக் கரண்ட் விடுகிற ஸ்விட்சான ரிலேவைத் திறந்து பார்த்தால் உள்ளே காண்டாக்ட் கருகிக் கிடந்தது. அது ஒட்டிக்கொண்டிருந்தால் வண்டி நின்ற பிறகும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

மேம்பாலம் (சென்னை)

எங்களுக்கு கார் எல்லாம் இல்லை சார், பஸ் பயணி. 2024-இல் மாநகரப் பேருந்தில் தாழ்தள வண்டி விட்டார்கள் இல்லையா, முதல் தடவை ஸ்டாப்பில் நின்றதும் ‘புஸ்ஸ்’ என்று எங்கள் பக்கம் சரிந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர், “பஞ்சர் போல, அடுத்த வண்டில போலாம் வாப்பா” என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஏறுபவர்களுக்காக வேண்டுமென்றே காற்றை இறக்குகிறார்கள் என்று தெரிவதற்குள் வண்டி போய்விட்டது.

டிப்போ (கரூர்)

நொய்யல்கரை சார், ஒண்ணு சொல்றேன் தப்பா எடுத்துக்காதீங்க. சோப்புத் தண்ணி அடிக்கறப்போ டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல கையை விட்டீங்களா? விட்டிருந்தா இனிமே விடாதீங்க. காத்துல நிக்கிற வண்டி எப்ப உக்காரும்னு அதுக்கே தெரியாது. எங்க செட்டுல ஒரு பையன், ஜாக்கி மட்டும் வச்சு ஸ்டாண்டு வைக்காம பெல்லோஸ் ஹோஸைக் கழட்டினான். பாடி பொத்துனு உக்காந்துச்சு. முழங்கை தப்பிச்சது அவன் அப்பன் ஆத்தா செஞ்ச புண்ணியம். சேசிஸுக்கு அடியில ஸ்டாண்டு, அப்புறம் காத்தை முழுசா எறக்கு, அதுக்கப்புறம்தான் ஸ்பானரே.

நான் ஆம்னி பஸ் பார்க்கிறவன், இருபது வருஷம் ஆச்சு. கார் மாதிரி கரண்ட்ல ஓடுற கம்ப்ரஸர் இல்ல எங்களுக்கு. இன்ஜின்ல ஓடும், அதே காத்துதான் பிரேக்குக்கும். அதனால சஸ்பென்ஷன் லீக்கா, பிரேக் லீக்கான்னு பிரிக்கிறதுதான் முதல் வேலை. அதுக்கு டாஷ்போர்டு மீட்டர் முள்ளே போதும். காத்தை ஃபுல்லா ஏத்தி, இன்ஜினை நிறுத்திட்டு, டீ குடிச்சிட்டு வந்து பாருங்க. முள்ளு எறங்கி 5, 6 பார் பிரஷர் பக்கம் வந்து அங்கயே நின்னுடுச்சு, ஆனா பாடி படுத்துடுச்சுன்னா லீக்கு சஸ்பென்ஷன் பக்கம். நடுவுல ஒரு புரொடெக்ஷன் வால்வு இருக்கு, சஸ்பென்ஷன்ல என்ன ஓட்டை விழுந்தாலும் பிரேக்குக்கான காத்தை அது பிடிச்சு வச்சுக்கும். எந்த அளவுல மூடும்கிறது வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். முள்ளு நிக்காம எறங்கிட்டே போச்சுன்னா பிரேக் லைனைத் தேடுங்க, வண்டியை எடுக்காதீங்க.

இப்ப என் கதை. சென்னை – நாகர்கோவில் லைன் வண்டி, பின்னால வலது பக்க பெல்லோஸ் எட்டு மாசத்துல மூணு தடவை கிழிஞ்சுது. மொதல் தடவை ரோடு சரியில்லன்னோம். ரெண்டாவது தடவை ஓனர் கம்பெனியைத் திட்டினாரு, வேற கம்பெனி வாங்கிப் போட்டோம். மூணாவதும் கிழிஞ்சதும் எனக்கே வெக்கமா போச்சு. கிழிஞ்ச ரப்பர் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். உரசின தேய்மானம் இல்ல. கல்லு குத்தின தடம் இல்ல. மூணும் மேல் விளிம்புலேருந்து பிடுங்கி எடுத்த மாதிரி ஒரே கிழி. அப்ப யாரோ பிடிச்சு இழுத்திருக்கான்.

இழுத்தது ஷாக் அப்சார்பர். இல்ல, ஷாக் அப்சார்பர் இல்லாதது. ஸ்பிரிங் பட்டை வண்டியில ஷாக் போனா குலுங்கும், அவ்வளவுதான். இந்த மாதிரி வண்டியில பல மாடல்ல ஷாக்குக்கு இன்னொரு வேலை இருக்கு. ஸ்பீடு பிரேக்கர்ல பாடி எகிறும்போது ஆக்ஸில் ஒரு அளவுக்கு மேல தொங்காம பிடிக்கிறது அதுதான். எங்க வண்டியில வலது ஷாக்கோட கீழ் போல்ட்டு தலை போயி, புஷ்ல சும்மா தொத்திக்கிட்டு இருந்துச்சு. பார்வைக்கு மாட்டின மாதிரியேதான் இருக்கும். ஒவ்வொரு பெரிய பள்ளத்துலயும் பெல்லோஸ்தான் ஆக்ஸிலைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. ஒரு போல்ட்டு. மூணு பெல்லோஸ்.

பாடி உயரத்துக்குத் தக்கபடி காத்தை ஏத்தி எறக்குற லெவலிங் வால்வையும் சொல்லிடறேன். வண்டி ஒரு பக்கம் தூக்கிட்டோ சாஞ்சோ நின்னா அவசரப்பட்டு வால்வை மாத்தாதீங்க. வால்வை ஆக்ஸிலோட இணைக்கிற கம்பியைக் கழட்டிட்டு வால்வோட லீவரை மேல தள்ளுங்க, காத்து ஏறணும். கீழ தள்ளுங்க, புஸ்ஸுனு வெளிய போகணும். நடுவுல விடுங்க, ரெண்டும் நிக்கணும். மூணும் சரின்னா வால்வு நல்ல வால்வு, கம்பி வளைஞ்சிருக்கு இல்ல ரப்பர் புஷ் கழண்டிருக்கு. நான் பார்த்ததுல பாதி நல்ல வால்வைத்தான் கழட்டிக் குப்பையில போட்டிருக்காங்க.

பனிக்காலம் (ரொறன்ரோ)

கரூர் அண்ணை எழுதினதை இரண்டு தரம் வாசிச்சன். நன்றி.

எங்கட இடத்துக் கதை வேறை. போன தை மாதம் மைனஸ் 22. காலமை வேலைக்கு வெளிக்கிட்டால் கார் எழும்பாது, பின்பக்கம் தரையிலை கிடக்கும். கொம்பிரஸர் ஓடுற சத்தம் கேக்குது, ஆனால் அசைவில்லை. மெல்ல மெல்ல ஓடிக் கராஜுக்குக் கொண்டுபோனால், உள்ளுக்கை ஹீற்றர் போட்டு வைச்சிருப்பினம். அவை பாக்கத் தொடங்க முதலே கார் தன்ரபாட்டிலை எழும்பிவிடும். “பிழை ஒண்டும் இல்லை” எண்டு திருப்பித் தருவினம். மூண்டு தரம் இப்படி. மனுசி என்னைத்தான் சந்தேகப்பட்டவ.

நாலாவது தரம் வயசுபோன மெக்கானிக் ஒருத்தர், “உள்ளுக்கை கொண்டுவராதை, இரவு வெளியிலையே விட்டுட்டுப் போ” எண்டார். விடியக் குளிருக்கை நிண்டு கொம்பிரஸர் குழாயைத் தளர்த்தினார். காத்து நல்லாய் வருது. காத்தைப் பிரிச்சு விடுற வால்வு புளொக்குக்கு அங்காலை ஒண்டுமில்லை. உள்ளுக்கை தண்ணி உறைஞ்சுபோய் இருக்கு.

தண்ணி எப்பிடி வந்தது எண்டதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. கொம்பிரஸரோடை ஒரு டிரையர் இருக்கு, ஈரத்தை உறிஞ்சுற மணிகள் நிரப்பினது. அந்த மணிகள் ஈரத்தைப் பிடிச்சுக்கொண்டே இருக்கேலாது, திருப்பிக் காயவேணும். கார் பதியேக்கை பெல்லோஸிலை இருக்கிற காய்ஞ்ச காத்து அதே டிரையருக்குள்ளாலை வெளியிலை போகும், போகேக்கை ஈரத்தையும் அள்ளிக்கொண்டு போகும். எனக்கு முந்தின வருசம் ஒரு லீக் இருந்தது. போன காத்தெல்லாம் ஓட்டைக்குள்ளாலை போச்சு, டிரையருக்குள்ளாலை போகேல்லை. உள்ளை வந்த காத்து மட்டும் ஈரத்தோடை வந்துகொண்டே இருந்தது. லீக்கைத் திருத்தினாங்கள், டிரையரை ஒருத்தரும் பாக்கேல்லை. திறந்தால் மணிகள் நொருங்கி வெள்ளை மாவாய்க் கிடந்தது.

நொய்யல்கரை, உங்கட டிரையரை மாத்தினவையா?

ரெண்டாம் கியர் (திருச்சி)

என்னுடையது சின்னக் கதை. லோயர் ஆர்ம் மாற்றிவிட்டு வந்த மறுநாளிலிருந்து வலது மூக்கு தூக்கிக்கொண்டே நின்றது. ரெண்டு நாள் லீக் தேடினார்கள். லீக் இருந்தால் இறங்கத்தானே வேண்டும், எப்படித் தூக்கும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் பார்த்தால், அந்த மூலையின் உயரத்தை அளக்கிற ஹைட் சென்சாரின் குட்டிக் கம்பியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். ஸ்கேனரில் எரர் கோடு எதுவும் இல்லை, ஏனென்றால் சென்சார் செத்துப்போகவில்லை, பொய் சொல்லிக்கொண்டிருந்தது. லைவ் டேட்டாவில் மற்ற மூன்றின் எண்ணோடு ஒப்பிட்டிருந்தால் அஞ்சு நிமிஷ வேலை. கம்பியைத் திருப்பி மாட்டிவிட்டு உயரத்தைக் காலிபரேட் பண்ணினார்கள். பண்ணாமல் எடுத்து வந்துவிடாதீர்கள்.

யாராவது சொல்லுங்களேன், இந்த வம்பே வேண்டாம் என்று சாதா காயில் ஸ்பிரிங் போட்டுவிடலாமா?

நொய்யல்கரை (கோவை)

பனிக்காலம் அண்ணா, இல்லை. உங்கள் கேள்வியைப் படித்ததும் பட்டறைக்குப் போன் போட்டேன். “அட ஆமாங்க, அந்த கம்ப்ரஸரு அஞ்சு மாசம் லீக்கோட ஓடுச்சுங்களே, கொண்டு வாங்க” என்றார். கழற்றிப் பார்த்ததில் மணிகள் மாவாகவில்லை, ஆனால் ஈரம் கோத்துக் கிடந்தது. மாற்றியாயிற்று.

டிப்போ அண்ணே, கையை விட்டேன். இனி விடமாட்டேன்.

ரெண்டாம் கியர், காயில் ஸ்பிரிங் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். ஓடுகிறது. ஆனால் எச்சரிக்கை விளக்கை ஏமாற்ற ஒரு பெட்டி, ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்குகிறது, விற்கப் போனால் எவனும் தொடமாட்டேன் என்கிறான். பழுது எங்கே என்று தெரியாத எரிச்சலில் அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தெரிந்த பிறகு, பணக் கணக்குப் போட்டு எடுத்தால் அது வேறு.

இன்னொரு சேதி. புது பெல்லோஸை இடது பக்கம் மட்டும் போட்டிருந்தேன், செலவைப் பார்த்து. அண்ணன் அப்போதே உதட்டைப் பிதுக்கினார். அதிலிருந்து வாரம் ஒரு ராத்திரி ஃபியூஸை உருவி அளந்து, போர்ட்டிகோ சுவரில் சாக்பீஸால் எழுதி வருகிறேன். முன் வலது: 3 மில்லிமீட்டர், 3, 4, 3, 6, 11. நேற்று உச்ச உயரத்துக்கு ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, எட்ட நின்று சோப்புத் தண்ணீர் அடித்தேன். மடிப்பில் இரண்டே இரண்டு குமிழி. ஆர்டர் போட்டுவிட்டேன், வர பத்து நாள் ஆகும் என்றார்கள்.

அம்மா தையல் டேப்பைத் திருப்பிக் கேட்கிறார். கிரீஸ் கறை போகமாட்டேன் என்கிறது.