ஈயம் என்ற ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள்: எங்கள் வீட்டு ரசச் சொம்பு

தொடங்கியவர் (நியூ ஜெர்சி)

எங்கள் மகனுக்கு ஒரு வயது நிறைந்தபோது வழக்கமான பரிசோதனைக்காக இரத்தம் எடுத்தார்கள். ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தையின் இரத்தத்தில் காரீயம் என்ற நச்சு உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது இந்த மாநிலத்தில் சட்டப்படியான கட்டாயம் என்பதால், அதை நாங்கள் ஒரு சம்பிரதாயமாகவே நினைத்திருந்தோம். டெசிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம் என்று முடிவு வந்தது. அமெரிக்காவில் 2021 முதல் 3.5 மைக்ரோகிராமை எட்டினாலே கவனிக்க வேண்டிய அளவாகக் கொள்கிறார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தில் தோலில் இருந்த தூசு கலந்திருக்கலாம் என்ற நம்பிக்கையில் கை நரம்பிலிருந்து மறுபடியும் எடுக்கச் செய்தோம். 11 என்று வந்தது.

குழந்தை நன்றாகத்தான் இருந்தான். தவழ்ந்தான், சிரித்தான், இரவில் அழுதான். இரத்தச் சோகை மட்டும் சற்று இருந்தது. இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும் என்பதும், ஒரே அளவு காரீயம் வயிற்றுக்குள் போனாலும் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு உறிஞ்சும் என்பதும், அது மூளை வளரும் காலத்தில் நரம்புகளைத் தாக்கும் என்பதும் அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்தார். வீட்டுச் சாயத்தில் காரீயம் சேர்ப்பதை 1978இல் இங்கே தடை செய்துவிட்டார்கள். எங்கள் வீடோ அதற்கு இருபது ஆண்டுகள் கழித்துக் கட்டப்பட்டது. ஆகவே அவர் சுவரை விட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்து, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், குங்குமம், கண்மை, ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாவற்றையும் மேசையில் வைக்கச் சொன்னார். வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் ஏற்றுவதற்காக காரீயச் சேர்மமான ஈய குரோமேட்டைப் பூசியது 2019இல் ஆய்வுகளில் வெளிப்பட்டதிலிருந்து, மஞ்சளைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை என்றார். காரீயத்தைக் கண்டறியும் எக்ஸ் கதிர்க் கருவியை ஒவ்வொன்றின் மீதும் காட்டிக்கொண்டே வந்தவர், கடைசியில் அடுப்பருகே இருந்த ஈயச் சொம்பில் வைத்ததும் எண்ணைப் பார்த்துவிட்டு, "இதில் என்ன சமைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ரசம். எட்டாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டிவந்தோம். சொம்பு என் திருமணத்துக்கு அம்மா சீராகக் கொடுத்தது. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும், வெறுஞ்சொம்பை வைத்தால் உருகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். உலோகத்தைக் கரைத்து எடுப்பதற்குச் சூடான புளிப்பைவிடத் தோதானது வேறில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. இது போன்ற அனுபவம் உள்ளவர்கள் பகிர வேண்டுகிறேன்.

மறுமொழி (கும்பகோணம் பக்கம்)

சகோதரிக்கு, என் தாத்தா "பாத்திரத்துக்கு ஈயம் பூசலையோ" என்று தெருத்தெருவாகக் கூவிப் பிழைத்தவர் என்ற உரிமையில் எழுதுகிறேன். ரசச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்தின் உட்பூச்சும் வெள்ளீயத்தால் ஆக வேண்டியவை. காரீயம் முற்றிலும் வேறு உலோகம். நம் பாட்டன்மார் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். நாம்தான் முன்னொட்டை உதிர்த்துவிட்டு இரண்டையும் "ஈயம்" என்கிறோம், கடைக்காரருக்கும் அது வசதியாகப் போயிற்று. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு என்பதால் கலப்படத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுப்பில் உருகுவதே அசல் ஈயத்துக்கு அடையாளம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். இரண்டையும் கலந்தால் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். அதாவது கலப்படச் சொம்புதான் இன்னும் எளிதாக உருகும். தாத்தா கட்டியை வளைத்துக் காதருகே வைப்பார். நல்ல வெள்ளீயம் வளையும்போது முனகுவதுபோல ஓர் ஒலி எழுப்பும். காகிதத்தில் தேய்த்துக் கரிக்கோடு விழுகிறதா என்றும் பார்ப்பார். ஆனால் கொஞ்சமாகக் கலந்ததை இந்த வழிகள் காட்டிக்கொடுக்காது. கருவியில் சோதிக்காத சொம்பை இப்போது என் வீட்டில் புழங்குவதில்லை. எவர்சில்வரில்தான் ரசம் வைக்கிறோம். மணம் சற்றுக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி (நாகப்பட்டினம்)

எங்களுடையது சொம்பு வழியாக வந்ததன்று. வலையின் அடிக்கயிற்றில் கோப்பதற்கான ஈயக்குண்டுகளை அப்பா வீட்டிலேயே வார்ப்பார். பழைய பேட்டரித் தகடுகளை எடைக்கு வாங்கி வந்து, கொல்லைப்புறத்து அடுப்பில் பழைய இரும்புச்சட்டியை வைத்து உருக்கி, மண்ணில் குழி செய்து ஊற்றுவார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து, வெள்ளியாக ஓடியது சாம்பல் நிறமாக உறைவதை வேடிக்கை பார்ப்போம். குண்டுகளைப் பல்லால் கடித்துக் கயிற்றில் இறுக்குவோம். அந்தப் புகையும், அடுப்பைச் சுற்றிப் படிந்த சாம்பலும், அதே கையோடு சாப்பிட்ட சோறும் என்ன செய்திருக்கும் என்பதை இப்போது நினைத்தால் கலக்கமாக இருக்கிறது. உடலில் சேரும் காரீயத்தின் பெரும்பகுதி எலும்பில் போய்ப் பல்லாண்டுகள் தங்கும் என்றும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து கரையும்போது அதுவும் கூடவே இரத்தத்துக்குத் திரும்பிக் கருவைச் சென்றடையும் என்றும் என் தங்கை கருவுற்றிருந்தபோது மருத்துவர் விளக்கினார். அப்பா இப்போது கடையில் வார்த்த குண்டுகளையே வாங்குகிறார்.

மறுமொழி (மதுரை)

பழைய வீட்டின் ஜன்னல் கம்பிகளுக்குப் புதுச் சாயம் அடிக்கும்போது, பெயின்டர் உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்த்த தூசு கூடம் முழுவதும் படிந்தது. இந்தியாவில் வீட்டுச் சாயத்தில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது. அடுத்த அறைக்கு வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கச் சொல்லி, குழந்தைகளை மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். கூலி ஒரு நாள் கூடியது.

தொடங்கியவர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. 45 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் காரீயத்தை வெளியேற்றும் மருந்தைப் பொதுவாகக் கொடுப்பதில்லை, வந்த வழியை அடைப்பதே வைத்தியம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்தோம், சொம்பை எடுத்துவிட்டோம். ஆறு மாதத்தில் அளவு 5 ஆக இறங்கியிருக்கிறது.

அம்மாவிடம் சொல்வதற்குத்தான் நாள்கள் பிடித்தன. கேட்டவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அன்று ஒரே கடையில் இரண்டு சொம்புகள் வாங்கியதாகவும், மற்றொன்று திருச்சியில் அக்காவின் வீட்டில் இருப்பதாகவும் சொன்னார். அக்காவின் மகளுக்கு வரும் திங்கட்கிழமை இரத்தம் எடுக்கிறார்கள்.