அப்டேட்: ஹெட்செட்டுக்குள்ள வலிக்காத கூலிங் கிளாஸ் கிடைச்சிடுச்சு

செஸ்னா 172 குட்டி விமானத்துல பைலட் ட்ரெய்னிங் போறப்ப ஹெட்செட் கண்ணாடியை அமுக்கி காதுக்கு மேல வலி உயிர் போகுதுன்னு கேட்டிருந்தேன்ல, ஐடியா குடுத்த எல்லாருக்கும் நன்றிங்க.

முதல்ல ஹெட்செட்ல காதைச் சுத்தி உக்கார்ற மெத்தையை (இயர் சீல்) ஜெல் வச்சதா மாத்தினேன், வலி கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா ஒரு மணி நேரம் தாண்டினா பழையபடிதான். வேலை செஞ்சது "ஃப்ரேம் கையைப் பாருங்க, லென்ஸை அப்புறம் பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான். காதுக்குப் பின்னாடி கொக்கி மாதிரி வளையாம நேரா போற மெல்லிசு கம்பிக் கை, ராண்டால்ஃப் கம்பெனி ஏவியேட்டர் கண்ணாடியில வருமே அந்த பேயோனெட் டைப். ஹெட்செட்டைக் கழட்டாமலே கண்ணாடியை உள்ள சொருகலாம், எடுக்கலாம். முழுசா ப்ளாஸ்டிக்ல வேணும்னா ஃப்ளையிங் ஐஸ் பிராண்டு பாருங்க, அதுலயும் கை ரொம்ப மெல்லிசு.

எதிர்பாக்காதது என்னன்னா இஞ்சின் சத்தமும் குறைஞ்சுது, தடிச்ச கை இருந்தப்ப சீலுக்கும் தலைக்கும் நடுவுல இடைவெளி விழுந்து அது வழியா சத்தம் உள்ள வந்திருக்கு.

போலரைஸ்டு லென்ஸ் (கண்ணு கூசுற பளபளப்பைக் குறைக்குறது) வாங்கச் சொன்னவங்க மன்னிக்கணும், ஃப்ரெண்டோடத போட்டு ஜி1000 (விமானத்துல இருக்குற டிஜிட்டல் டிஸ்ப்ளே) முன்னாடி தலையைச் சாய்ச்சா ஸ்க்ரீன் இருட்டாயிடுது, அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு எஃப்ஏஏவும் வேணாம்னுதான் சொல்லுது. நான் எடுத்தது சாதா கிரே லென்ஸ். 70-லருந்து 85 சதவீதம் வெளிச்சத்தைத் தடுக்குற மாதிரி பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, உச்சந்தலையில மிச்சமிருந்த வலிக்குக் காரணம் கண்ணாடியே இல்ல, ஹெட்செட்டுக்கு அடியில போட்டிருந்த தொப்பி மேல இருக்குற குட்டி பட்டன். ப்ளையர் வச்சு பிடுங்கிட்டேன்.