மோன்சா கடைசி லேப்: படத்துல பம்பர் முன்னாடி இருந்தா ஜெயிச்சதா ஆயிருமா?

மண்டபம்_மில்லி:
பாம்பன்458 நேத்து ராத்திரி போட்ட பதிவைப் பார்த்துட்டுப் பேசாமப் போக மனசு வரல. "படத்துல ஃபெராரி பம்பர் முன்னாடி இருக்கு, சர்வர் பொய் சொல்லுது, ஜெயிச்சது நாங்கதான்"னு எழுதியிருக்காரு.

விவரம் தெரியாதவங்களுக்கு: கேம் அசெட்டோ கோர்சா (கார் பந்தய கேம்), ட்ராக் இத்தாலியில இருக்கிற மோன்சா, 10 லேப் (சுத்து). ஃபெராரி 458 ஜிடி2வும் பிஎம்டபிள்யூ எம்3 ஜிடி2வும் கடைசிக் கோடு வரைக்கும் ஒட்டிக்கிட்டே வந்துச்சுங்க. சர்வர் (ஆன்லைன் பந்தயத்தை நடத்துற கம்ப்யூட்டர்) ரிசல்ட்டுல எம்3 0.021 செகண்ட் முன்னாடி. ஃபெராரி ஓட்டினவரு ஸ்கிரீன்ல எடுத்த படத்துல ஃபெராரி அரைக் கார் முன்னாடி.

ஆன்லைன்ல ஒங்க கார் ஒங்க மெஷின்ல ஓடுது. எதிராளி கார் அப்படி இல்ல. அவன் கார் எங்க இருக்குன்னு அவன் மெஷின் அனுப்பின தகவல் துண்டு, அதாவது பாக்கெட், சர்வருக்குப் போயி, அங்கிருந்து ஒங்களுக்கு வந்து, அதை வச்சு ஒங்க மெஷின் வரைஞ்ச பொம்மை அது. 250 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 69.4 மீட்டர். 0.021 செகண்டுக்கு ஒன்றரை மீட்டர் கூட வராது. அந்த சர்வர்ல கிளையன்ட் சென்ட் இன்டர்வல், அதாவது செகண்டுக்கு எத்தனை பாக்கெட்ங்கிற செட்டிங், மாத்தாம 18 ஹெர்ட்ஸ்லயே கிடந்துச்சு. ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்த பாக்கெட்டுக்கும் நடுவுல 55 மில்லிசெகண்ட், அதுக்குள்ள கார் 3.85 மீட்டர் போயிரும். இதுக்கு மேல பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போயித் திரும்ப ஆகுற மில்லிசெகண்ட், ஒருத்தருக்கு 90, இன்னொருத்தருக்கு 40. பாதிப் பாதி எடுத்தா 45ம் 20ம், மொத்தம் 65 மில்லிசெகண்ட். நாலரை மீட்டர். அது ஒரு முழுக் கார் நீளம்யா! அரைக் காருக்குப் படம் காட்டுறீங்க.

பாம்பன்458:
கணக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணே. படத்துல யாரு பம்பர் முன்னாடி? அதை மொதல்ல சொல்லுங்க.

மண்டபம்_மில்லி:
ஒங்க படத்துல ஒங்க பம்பர். எம்3 ஓட்டினவரு ரீப்ளேல எம்3 பம்பர். ரீப்ளேயும் அவரவர் மெஷின் பார்த்ததைத்தான் பதியும், சர்வர் ரீப்ளே எடுக்காது. ரீப்ளே தரத்தைக் குறைச்சு வச்சிருந்தா அதுவும் நடுநடுவுல ஊகிச்சு வரையும்.

பாம்பன்458:
அப்ப ஒத்துக்கிட்டீங்க. படத்துல எங்க பம்பர்தான் முன்னாடி.

தொண்டி_துடுப்பு:
மில்லி அண்ணே, பாதிக் கணக்கைப் போட்டுட்டு முழுசா ஜெயிச்ச மாதிரி பேசாதீங்க. பாக்கெட் வந்த இடத்துலயே எதிராளி காரை கேம் நிறுத்தி வைக்காது. வேகத்தை வச்சு இப்ப எங்க இருப்பான்னு முன்னாடி தள்ளித்தான் வரையும். நேர்ப்பாதையில அந்த ஊகம் எவ்வளவு தப்பும்? கார் செகண்டுக்கு 3 மீட்டர் வேகம் ஏத்துதுன்னு வச்சுக்கங்க. அரை பெருக்கல் 3 பெருக்கல் 0.065 பெருக்கல் 0.065. ஆறு மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் அண்ணே! நாலரை மீட்டர்னு ஊரையே பயமுறுத்துறீங்க. திருப்பத்துல, பிரேக்குல தப்பும், சரி. கோடு திருப்பத்துலயா இருக்கு?

பாம்பன்458:
துடுப்பு மாப்ள சொல்றதைக் கேளுங்க. ஆறு மில்லிமீட்டர்! பம்பர்!

மண்டபம்_மில்லி:
துடுப்பு, நீங்க பிடிச்சது சரியான நூல்தான், ஆனா தப்பான முனையில பிடிச்சிருக்கீங்க. முன்னாடி தள்ளி வரையணும்னா அந்த பாக்கெட்டுக்கு எவ்வளவு வயசுன்னு மெஷினுக்குத் தெரியணும். அதை பிங்கை வச்சுத்தான் மதிப்பிடும். கேபிள்ல பிங் அவ்வளவா ஆடாது. மொபைல் டேட்டாவுல ஒரு நிமிஷத்துக்குள்ள 40க்கும் 140க்கும் நடுவுல ஆடும். வயசுக் கணக்கு வெறும் 20 மில்லிசெகண்ட் தப்பினாப் போதும், 0.020 பெருக்கல் 69.4, பொம்மை 1.39 மீட்டர் தள்ளி நிக்கும். 0.021 செகண்டுக்கு வர்ற தூரம் 1.46. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. வேகம் ஏறுறதால வர்ற ஆறு மில்லிமீட்டரைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆடாதீங்க, தப்பு நடக்குறது கடிகாரத்துல.

சாயல்குடி_சந்து:
ஒரு சந்தேகம். கோடு தாண்டுறதுன்னா எது? முன் பம்பரா, முன் சக்கரமா, காரோட நடுவா? கேம் எதைக் கணக்கு வைக்குது?

ஏர்வாடி_எம்3:
அதெல்லாம் அப்புறம் பேசலாம். ஃபெராரி 7வது லேப்ல மொத சிகேனை (வேகம் குறைக்க வச்ச இடவலத் திருப்பத்தை) வெட்டுனதை யாரும் பேச மாட்டேங்கிறீங்களே. நாலு சக்கரமும் வெள்ளைக் கோட்டுக்கு அங்கிட்டுப் போச்சு.

பாம்பன்458:
வெட்டியிருந்தா கேமே வேகத்தைக் குறைன்னு எச்சரிக்கை போட்டிருக்கும். போடல. சர்வர்ல ரெண்டு டயர் வெளிய போகலாம்னுதான் வச்சிருக்கு. ரிசல்ட்டுக்கு மட்டும் சர்வரை நம்புவீங்க, இதுக்கு நம்ப மாட்டீங்களா?

ஏர்வாடி_எம்3:
நீங்க மட்டும்? கோட்டுல சர்வர் பொய், சிகேன்ல சர்வர் சத்தியம்.

கீழக்கரை_காக்கா:
தம்பிமாருங்களா, சண்டை போடுற இடமே தப்பு. பந்தயம் கோட்டுல போகல, கடைசி வளைவு பாராபோலிக்காவுலயே போச்சு. ஃபெராரி அந்த வளைவுக்குள்ள எம்3 வாலை ஒட்டியே நுழைஞ்சிருச்சு. அவ்வளவு கிட்ட போனா முன் மூக்குக்குச் சுத்தமான காத்து கிடைக்காது, காரைக் கீழ அமுக்குற அழுத்தம் குறையும், முன் சக்கரம் கடிக்காது, கார் வெளிய ஓடும். அதுக்குப் பயந்து ஆக்ஸிலரேட்டரை லேசா எடுத்தாச்சு, அங்கதான் போச்சு. செய்ய வேண்டியது வேற. வளைவுக்கு முந்தி ரெண்டு கார் இடைவெளி விட்டு, கொஞ்சம் சீக்கிரமே பிரேக் அடிச்சு, வளைவுப் பாதியிலயே முழு ஆக்ஸிலரேட்டர். வெளிய வர்றப்ப 5 கிலோமீட்டர் கூட இருந்தா அந்த இடைவெளியைக் காத்து மறைப்பே (முன்னால போற கார் காத்தைத் தடுக்குறது) இழுத்துக் கொடுத்துரும்.

பாம்பன்458:
காக்கா, நேர்ப்பாதை ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்கு. பாம்பன் ரோட்டுப் பாலத்துல பாதி. அவ்வளவு தூரத்துல பின்னால வர்றவன்தான் ஜெயிப்பான், பச்சைப் புள்ளைக்கும் தெரியும். அப்படித்தான் ஜெயிச்சது.

கீழக்கரை_காக்கா:
அந்த ஒரு கிலோமீட்டர் மொத சிகேன் வரைக்கும் போற தூரம் தம்பி. முடிவுக் கோடு அதுக்கு ரொம்ப முந்தியே வந்துரும். மோன்சால புறப்படுற கோடு வேற, முடியுற கோடு வேற. ஃபார்முலா ஒன் கணக்கைப் பாருங்க. ஒரு சுத்து 5.793 கிலோமீட்டர், 53 சுத்து. பெருக்கினா 307.029 வரணும். பந்தய தூரம்னு போடுறது 306.720. அந்த 309 மீட்டர் எங்க போச்சு? புறப்படுற கோடு முடிவுக் கோட்டைத் தாண்டி 309 மீட்டர் தள்ளி இருக்கு. இதை 250ல ஓடினா நாலரை செகண்ட். கேம்ல இருக்கிறது லேசர் ஸ்கேன் எடுத்த ட்ராக். கிரிட்ல (புறப்படுறப்ப கார்கள் வரிசையா நிக்கிற இடத்துல) நின்ன இடத்தை நினைப்புல வச்சுக்கிட்டு, அங்க போயி முந்திக்கலாம்னு வந்தா இப்படித்தான் ஆகும்.

தொண்டி_துடுப்பு:
காக்கா இதைச் சரியாச் சொன்னாரு. 1971ல இதே மோன்சால பீட்டர் கெத்தின் ரோனி பீட்டர்சனை 0.01 செகண்ட்ல ஜெயிச்சாரு. மொத அஞ்சு காரும் 0.61 செகண்டுக்குள்ள. கூட்டமா வந்தா மோன்சா இப்படித்தான் கழுத்தறுக்கும்.

மண்டபம்_மில்லி:
அப்ப மோன்சால சிகேனே கிடையாது, 1972லதான் வச்சாங்க. சுத்து முழுக்க ஒருத்தர் காத்துல ஒருத்தர் ஒட்டிக்கிட்டு வந்தாங்க. அதையும் இதையும் ஒண்ணாக் கட்டாதீங்க. அதோட, அங்க கோட்டுக்கு ஒரே கடிகாரம். இங்க ரெண்டு மெஷின், ரெண்டு கடிகாரம். நான் தொண்டைத் தண்ணி வத்த கத்துறது இதைத்தான்.

தொண்டி_துடுப்பு:
எதைச் சொன்னாலும் மறிக்கணும் ஒங்களுக்கு. சரி, நம்ம ஊரு கணக்குலயே வாங்க. பாய்மரப் படகுப் போட்டியில காத்து வர்ற பக்கம் நிக்கிற படகு மத்ததுக்குக் காத்தை அடைச்சு முந்திரும். இதுவும் அப்படித்தான், முன்னால போறவன் காத்தை அடைக்கிறான்.

பாம்பன்458:
அப்படியே தலைகீழ் மாப்ள. பாய்ல காத்து போனா வேகம் போச்சு. கார்ல காத்து போனா வேகம் கூடும். தொண்டிக்காரங்க படகைப் பத்தியாவது சரியாப் பேசுவீங்கன்னு நினைச்சேன்.

தொண்டி_துடுப்பு:
படகைப் பத்திப் பாம்பன்ல இருந்து பாடமா? நான் பேசுனது காத்து மறைப்பைப் பத்தி. வேகம் கூடுதா குறையுதான்னு நான் சொல்லவே இல்ல. மேல ஏறிப் படிங்க.

ஏர்வாடி_எம்3:
படகு இருக்கட்டும். 7வது லேப்?

சாயல்குடி_சந்து:
முன் பம்பரா, சக்கரமா? யாராவது சொல்லுங்கப்பா.

மண்டபம்_மில்லி:
இன்னொண்ணையும் சொல்லிடுறேன், அப்பத்தான் அடுத்த தடவை இந்தக் கூத்து வராது. அந்த படத்துலயே மேல் ஓரத்துல சிபியு ஆக்குபன்சி 99 சதவீதம்னு, அதாவது ப்ராசஸர் மூச்சு முட்டுதுன்னு, எச்சரிக்கை நிக்குது, பெருசாக்கிப் பாருங்க. இந்த கேம் செகண்டுக்கு 333 தடவை இயற்பியல் கணக்குப் போடுது, தடவைக்கு 3 மில்லிசெகண்ட். மெஷின் திணறினா அந்தக் கணக்கு பின்தங்கும். திணறுற மெஷின்ல எடுத்த படத்தையா சாட்சின்னு கொண்டு வர்றீங்க? பின்னால ப்ரௌசரை மூடுங்க, கேம்ல காரோட பின்பக்கக் கண்ணாடித் தெளிவைக் குறைங்க, நிழலைக் குறைங்க, எச்சரிக்கை போகுதான்னு பாருங்க.

கேபிளையும் பாருங்க. நம்ம கடலோரத்துல ரூட்டர் பின்னால இருக்கிற ஈதர்நெட் முனைக்கு உப்புக் காத்து ஒரு வருஷம் பட்டாப் போதும், தங்க முலாம் மெலிசா இருந்தா உள்ள இருக்கிற செம்புல பச்சை ஏறும். எட்டுக் கம்பியில ஒண்ணு சரியாத் தொடலைன்னா 1000 எம்பிபிஎஸ்ல ஓட வேண்டியது 100க்கு இறங்கலாம், பாக்கெட் தவறலாம். ரூட்டர்ல அந்த சின்ன விளக்கு நிறம் மாறியிருந்தா அதுதான் அறிகுறி. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு குச்சியில தொட்டுத் துடைங்க. பச்சை போகலைன்னா முனையை வெட்டிட்டுப் புதுசா கிரிம்ப் பண்ணுங்க (கருவியால அமுக்கிப் பொருத்துங்க). பெடலுக்கு உள்ள மிதிக்கிற அளவை எடுக்குற பொட்டென்ஷியோமீட்டரும் இதே கதைதான். காலை வைக்காமலே ஸ்கிரீன்ல பிரேக் பட்டை துடிக்கும். காண்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு, பெடலை இருபது முப்பது தடவை முழுசா அமுக்கி விட்டா அடங்கும்.

பாம்பன்458:
எங்க கேபிள்ல பச்சை, எங்க மெஷின் திணறுது, எங்க பெடல் துடிக்குது. அவங்க பக்கம் எல்லாம் சுத்தம், அப்படித்தானே? எம்3 கீபோர்டுல ஓட்டினது. கீபோர்டுக்கு ஸ்டீயரிங்கைத் தானா நேராக்குற உதவி உண்டு. அதைச் சொல்ல வாய் வரல ஒங்களுக்கு.

ஏர்வாடி_எம்3:
கீபோர்டுல ஆக்ஸிலரேட்டர் உண்டு இல்லைன்னு ரெண்டே நிலைதான். பாராபோலிக்காவுல பாதி மிதிக்க முடியாது, தட்டித் தட்டித்தான் வரணும். அதுல ஒருத்தன் வீல்காரனை ஜெயிச்சா கையைக் குலுக்கணும், அழக் கூடாது.

பாம்பன்458:
யாரு அழுதா? படம் இருக்கு.

தொண்டி_துடுப்பு:
மில்லி அண்ணே, ஒண்ணு கேக்குறேன், சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. சர்வர் அந்த 0.021ஐ எப்படி அளந்துச்சு? சர்வரே கோட்டுல நின்னு பார்த்துச்சா?

மண்டபம்_மில்லி:
இல்ல. ஒவ்வொரு மெஷினும் தன் லேப் நேரத்தை மில்லிசெகண்ட்ல அனுப்பும். சர்வர் அதை ரிசல்ட் ஃபைல்ல ஜேசனா (ஒரு எழுத்து ஃபைல் வடிவம்) எழுதும். லேப் நேரம், செக்டார், எத்தனை தடவை வெட்டினான், எல்லாம் அதுல இருக்கும்.

தொண்டி_துடுப்பு:
அப்ப சர்வரும் அவங்க சொன்னதைத்தான் எழுதுது! ரெண்டு மெஷின், ரெண்டு கடிகாரம்னு நீங்களே சொன்னீங்க. படம் சாட்சி இல்லைன்னா ரிசல்ட்டும் சாட்சி இல்ல.

மண்டபம்_மில்லி:
படத்துல எதிராளி காரு ஊகம். ரிசல்ட்டுல ரெண்டு பேரும் அவரவர் சொந்தக் காரை அவரவர் மெஷின்ல அளந்தது. ரெண்டும் ஒண்ணில்ல. ஊகத்துக்கும் அளவுக்கும் வித்தியாசம் தெரியாம எதுக்கு வாதாட வர்றீங்க?

அடுத்த ரூமுக்கு (ஆன்லைன் பந்தயத்துக்கு) என் நிபந்தனை இது. கிளையன்ட் சென்ட் இன்டர்வல் 60. ரெண்டு காருக்கு அது பாரமே இல்ல, பாக்கெட்டுக்கு 16.7 மில்லிசெகண்ட், 1.16 மீட்டர்தான். மொபைல் டேட்டாவுல யாரும் சர்வர் வைக்கக் கூடாது. அங்க பெரும்பாலும் பொது ஐபி (வெளியில இருந்து நேரா வர்ற முகவரி) கிடைக்காது, சர்வருக்கு வேண்டிய 9600 போர்ட்டைத் திறக்க முடியாது, சுத்து வழியா விபிஎன் போட்டா பிங் இன்னும் ஆடும். முடிஞ்சா ரெண்டு மெஷினையும் ஒரே வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரே சுவிட்ச்சுல கேபிள் போடுங்க, பிங் 1க்குக் கீழ நிக்கும். அப்ப எடுங்க படம்.

பாம்பன்458:
எங்க வேணாலும் வர்றேன். ஆனா இந்தப் பந்தயத்துல, இந்த படத்துல, பம்பர் யாருது? ஒரே வார்த்தை.

ஏர்வாடி_எம்3:
வர்றப்ப சிகேனை வெட்டாம வாங்க. ஜேசன்ல கட்ஸ்னு, எத்தனை தடவை வெட்டினான்னு, ஒரு வரி இருக்காம்ல, 7வது லேப்புக்கு நேரா என்ன இருக்குன்னு யாராவது திறந்து போடுங்க.

மண்டபம்_மில்லி:
ஃபைல் ரூம் வச்சவர்கிட்ட இருக்கு. கேட்டிருக்கேன்.

பாம்பன்458:
ஃபைல் வேணாம். படம்.